மாடுகளை விட்டார்கள், மக்களைக் கேட்டார்கள்

(நமது மருத்துவமனையின் ஆதரவாளர் ஐக்கியக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஐயா அவர்கள் ஆற்றிய உரை. அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டபடியால் இங்கே வெளியிடுகிறோம். – ஆசிரியர்)



 

தென் சூடான் அகதிகளுக்காக ஒரு விசேஷ காணிக்கை எடுக்கவேண்டும் என்று பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் தீர்மானித்தபோது, ஒரு தாயார் என்னிடம் வந்து கேட்டார்கள்: "ஐயா, அவர்கள் கஞ்சிக்கும் மருந்துக்கும் கொடுப்பது சரி. ஆனால் இந்தத் தாளிலே சமாதானக் கூட்டங்களுக்கு என்று ஒரு பங்கு போட்டிருக்கிறதே. கூடிப் பேசுவதற்குமா காணிக்கை? பேசினால் யாருக்கு வயிறு நிறையும்?" நல்ல கேள்வி. கொடுக்கிறவர்கள் இப்படிக் கேட்கத்தான் வேண்டும். அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக உங்களிடமும் சொல்லப்போகிறேன்.

தென் சூடான் எங்கே இருக்கிறது? ஆப்பிரிக்காவின் நடுவே, வெள்ளை நைல் நதி பாய்ந்து பரந்து சதுப்பாகிக் கிடக்கிற தேசம். வேதாகமத்தில் ஏசாயா 18ஆம் அதிகாரத்தை எடுத்து, நதிகளுக்கு அப்பாலுள்ள அந்த நெடிய ஜனங்கள் நாங்கள்தான் என்று அங்குள்ள விசுவாசிகள் உறுதியாக நம்புகிறார்கள். வியாக்கியானம் சரியா தவறா என்று இறையியல் கல்லூரியில் நாங்கள் வாதிடலாம். ஆனால் வேதத்தில் தங்கள் பெயர் இருக்கிறது என்று ஒரு ஜனம் நம்பி, அதைக்கொண்டு யுத்தகாலம் முழுவதும் உயிர் தரித்திருந்தது என்றால் அதை லேசாக எண்ணக் கூடாது.

அங்கே பல இனத்தார் உண்டு. அவர்களில் எண்ணிக்கையில் பெரியவர்கள் டிங்கா, அடுத்தவர்கள் நுவேர். இருவரும் மாடு மேய்க்கிறவர்கள். மாடுதான் அவர்கள் செல்வம். பெண்ணுக்குப் பரிசம் மாடு. கொலைக்கு ஈடும் மாடு. ஒரு வாலிபனை அவனுடைய காளையின் நிறத்தைக்கொண்டே பெயர் சொல்லி அழைப்பார்கள். கோடைக்காலத்தில் தண்ணீருக்கும் புல்லுக்கும் இரண்டு கூட்டத்தாரும் ஒரே ஆற்றோரத்துக்கு வந்தாகவேண்டும். வந்தால் சண்டை வரும். சண்டை வந்தால் மாட்டைப் பிடித்துக்கொண்டு போவார்கள், சில வேளை பெண்களையும் பிள்ளைகளையும் கொண்டுபோவார்கள். இது தலைமுறை தலைமுறையாக நடந்தது. ஆனால் அந்தக் காலத்தில் கையில் ஈட்டி. ஈட்டிச் சண்டைக்கு ஒரு அளவு உண்டு. மூப்பர்கள் நடுவே வந்து நின்றால் அடங்கும். கையில் எந்திரத் துப்பாக்கி வந்தபிறகு அந்த அளவு போயிற்று.

இதோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும், நம் சபைகளின் காதில் விழவேண்டிய காரியம். நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன், திருநெல்வேலிப் பக்கம் சர்ச் மிஷன், மதுரைப் பக்கம் அமெரிக்கன் மிஷன் என்று நம் நாட்டில் பிரித்துக்கொண்டதைப் பெரியவர்கள் அறிவீர்கள். அதேபோல் அங்கேயும் ஆங்கிலேய அரசாங்கம் மிஷன்களுக்கு எல்லை வகுத்துக் கொடுத்தது. சர்ச் மிஷனார் 1906ல் போர் என்ற ஊருக்கு அருகே டிங்காக்கள் நடுவே வேலை தொடங்கினார்கள். அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் மிஷனார் மலக்கால் பக்கம் தொடங்கி, பிறகு நாசிர் என்ற இடத்தில் நுவேர் நடுவே சென்றார்கள். மேற்கே பாஹ்ர் எல் கசால் பிரதேசத்து டிங்காக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர் ஆனார்கள். போட்டி வராமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடுதான். ஆனால் பலன் என்னவாயிற்று? இன்ன இனத்தானென்றால் இன்ன சபையான் என்று ஆயிற்று. பாட்டுப் புத்தகமும் ஜெபப் புத்தகமும் இன எல்லையோடு நின்றுபோயின. 1964ல் கார்ட்டூம் அரசாங்கம் வெளிநாட்டு மிஷனரிமார் எல்லாரையும் தெற்கிலிருந்து வெளியேற்றியபோது சபை சுதேசிகள் கைக்கு வந்தது; கூடவே அந்த எல்லைகளும் வந்தன.

இனி 1991ஆம் வருஷத்துக்கு வருகிறேன். வடக்கே இருந்த கார்ட்டூம் அரசை எதிர்த்துத் தெற்கத்தியார் 1983 முதல் யுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். லட்சக்கணக்கானோர் எத்தியோப்பியாவில் இத்தாங் முதலிய முகாம்களில் அகதிகளாய் இருந்தார்கள். 1991 மே மாதம் எத்தியோப்பிய அரசு கவிழ்ந்தது. அகதிகள் அத்தனை பேரும் மறுபடியும் எல்லையைத் தாண்டி ஓடவேண்டியதாயிற்று. அந்த ஆகஸ்டு மாதத்திலே போராளி இயக்கம் இரண்டாகப் பிளந்தது. ஜான் கராங் என்ற டிங்காத் தலைவர் ஒரு பக்கம், ரியெக் மாச்சார் என்ற நுவேர் தலைவர் மறு பக்கம். வருஷ முடிவுக்குள் போர் நகரைச் சுற்றியிருந்த டிங்காக் கிராமங்களில் புகுந்து நுவேர் படையினர் செய்த கொலைகளில் ஏறக்குறைய 2,000 பேர் மாண்டதாக ஆம்னஸ்டி நிறுவனம் கணக்கிட்டது. அதற்குப் பழி, பழிக்குப் பழி. ஓடியவர்கள் கென்யாவின் பாலைப் பகுதியில் 1992ல் திறக்கப்பட்ட ககுமா முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். கொன்றவனின் தம்பியும் கொலையுண்டவனின் தம்பியும் ஒரே தண்ணீர்க் குழாயில் வரிசை நின்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். வடக்கத்தியான் செய்த கொடுமையைவிட இந்த உள்வீட்டுச் சண்டைதான் அதிகமாய்க் கசந்தது என்று அந்நாட்டார் சொல்லுவார்கள். சபைகள் என்ன செய்தன? 1990ல் போராளிகள் வசமிருந்த பிரதேசத்துச் சபைகள் சேர்ந்து புதிய சூடான் திருச்சபைகள் மன்றம் என்று ஒன்றை ஏற்படுத்தியிருந்தன. டோரிட் மறைமாவட்டத்துக் கத்தோலிக்கப் பேராயர் பாரிதே தாபான் அதன் முன்னோடிகளில் ஒருவர். இந்த மன்றம் முதலில் இரண்டு தளபதிகளையும் சமாதானப்படுத்தப் பார்த்தது. சந்திப்புகள் நடந்தன, காகிதங்கள் எழுதப்பட்டன, ஒன்றும் நிலைக்கவில்லை. பிறகுதான் அவர்களுக்கு ஒரு ஞானம் உண்டாயிற்று. தளபதிகளை விட்டுவிட்டு, மாடு மேய்க்கிற ஜனங்களின் மூப்பர்களையும் கிராமத் தலைவர்களையும் நேருக்கு நேர் உட்கார வைப்போம் என்று தீர்மானித்தார்கள்.

1998 ஜூன் மாதம் கென்யா எல்லையிலுள்ள லோக்கிச்சோக்கியோ என்ற ஊரில் சில டிங்கா, நுவேர் தலைவர்களைக் கூட்டினார்கள். அங்கே ஒரு யோசனை பிறந்தது: பெரிய மகாநாட்டுக்கு முன்னே ஒருவர் ஊருக்கு ஒருவர் போய்வரவேண்டும். அதன்படியே 1999 பிப்ரவரியில் நுவேர் தலைவர்கள் டிங்காக்களின் தியேத் என்ற ஊருக்குப் போனார்கள். டிங்காத் தலைவர்கள் நுவேர்களின் லேர் என்ற ஊருக்குப் போனார்கள். எட்டு வருஷமாக வெட்டிக்கொண்டிருந்தவர்கள்! விமானத்தைவிட்டு இறங்கும்போது அவர்கள் கால் எப்படி நடுங்கியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. இந்த லேர் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சொல்லுகிறேன்.

வுன்லிட் என்பது மகாநாடு நடந்த இடம். அது அதுவரை ஊரே அல்ல, புதர்க்காடு. டிங்காக்கள் பகுதியில், நுவேர் எல்லையை அடுத்திருந்தது. அங்கே சுமார் 150 குடிசைகளை எழுப்பினார்கள், பெரிய கூட்டக் கொட்டகை போட்டார்கள், ஆழ்குழாய்க் கிணறு தோண்டினார்கள். பாருங்கள் அம்மா, சமாதானக் கூட்டத்துக்கு முதல் செலவு தண்ணீருக்குத்தான் ஆயிற்று! சாலை இல்லாத தேசம். தலைவர்களைச் சிறு விமானத்தில் ஏற்றித்தான் கொண்டுவர முடிந்தது. அந்தச் செலவுகளைத் தாங்கியது பல நாட்டுச் சபைகளின் காணிக்கை.

1999 பிப்ரவரி 27ஆம் தேதி தொடங்கி மார்ச் 8ஆம் தேதி வரை மகாநாடு நடந்தது. தொடக்கத்தில் ஒரு பெரிய வெள்ளைக் காளையைப் பலியிட்டார்கள். "மாபியோர்" என்று சொல்லுவார்கள். அது அந்த நிறத்துக் காளைக்கே உள்ள பெயர். இந்த உடன்படிக்கையை மீறுகிறவன் இந்தக் காளையைப்போல் ஆவான் என்பது அதன் பொருள்.

இங்கே உங்களில் சிலர் முகம் சுளிப்பதை நான் காண்கிறேன். சபை நடத்துகிற கூட்டத்தில் மாட்டுப் பலியா? எபிரெயர் நிருபத்தைப் படித்த நமக்கு இது நெருடத்தான் செய்கிறது. எனக்கும் நெருடிற்று. ஆனால் அங்கே வந்த மூப்பர்களில் எத்தனையோ பேர் கிறிஸ்தவர்கள் அல்ல. அவர்கள் மனச்சாட்சியைக் கட்டுகிற சத்தியம் எதுவோ அதைச் செய்யாமல், போதகர்களின் ஜெபத்தோடு மட்டும் உடன்படிக்கை செய்திருந்தால், அது சபையாருக்கு மாத்திரம் திருப்தியாக இருந்திருக்கும்; துப்பாக்கி வைத்திருந்த பையன்களை அது கட்டியிருக்காது. போதகர்களும் பேராயர்களும் பக்கத்தில் நின்று ஜெபித்தார்கள். மூப்பர்கள் தங்கள் முறைமையைச் செய்தார்கள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் எழுந்து வெளியே போயிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆபிரகாமோடு தேவன் உடன்படிக்கை பண்ணினபோதும் கண்டுண்டமாய்க் கிடந்தவை மிருகங்கள்தானே.

பலி முடிந்ததும் கட்டித் தழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. மூன்று நாள் பேசினார்கள். என்ன பேசினார்கள்? ஒரு சாரார் எழுந்து, தங்களுக்கு நடந்த அநியாயங்களை ஒன்றொன்றாய்ச் சொல்லவேண்டும். இன்ன இடத்தில் இத்தனை பேரைக் கொன்றீர்கள், இத்தனை மாடுகளை ஓட்டிப்போனீர்கள், இன்ன வீட்டுப் பெண்ணைக் கொண்டுபோனீர்கள். மறு சாரார் குறுக்கே ஒரு வார்த்தை பேசக்கூடாது, கேட்கவேண்டும். பிறகு அவர்கள் முறை. பெண்களும் எழுந்து பேசினார்கள். எல்லாரும் சொல்லித் தீர்ந்தபிறகே தீர்வைப்பற்றிய பேச்சு தொடங்கியது.

இதைப் படித்தபோது நம் அறுவைச் சிகிச்சைப் பிரிவைத்தான் நினைத்தேன். சீழ்க்கட்டியோடு வருகிறவரை டாக்டர் என்ன செய்கிறார்? கீறித் திறக்கிறார். சீழை வெளியேற்றுகிறார். அப்புறம் தையல் போடுகிறாரா? இல்லை. திறந்தபடியே விட்டு, உள்ளே துணித்திரி வைத்து, நாள்தோறும் கட்டு மாற்றச் சொல்லுகிறார். உறவினர்கள் என்னிடம் வந்து, "ஐயா, இப்படிப் பிளந்து போட்டுவிட்டாரே, தைத்துவிடச் சொல்லக்கூடாதா?" என்று அழுவார்கள். மேலே தைத்தால் உள்ளே மறுபடியும் சீழ் வைக்கும். அடியிலிருந்து ஆறி வரவேண்டும். நாங்கள் போதகர்கள் பல நேரம் தைத்துவிடுகிற அவசரத்தில் இருக்கிறோம். மரணப் படுக்கையில் இருக்கிற அண்ணனையும் பத்து வருஷமாய்ப் பேசாத தம்பியையும் கை கோக்க வைத்து, ஒரு ஜெபம் செய்து, ஒப்புரவாகிவிட்டார்கள் என்று சந்தோஷப்படுகிறோம். இன்னது செய்தாய் என்று தம்பி சொல்லவேயில்லை. இன்னது செய்தேன் என்று அண்ணன் கேட்கவேயில்லை. வுன்லிட்டில் சபை செய்த நல்ல காரியம், ஜெபித்ததைவிட, அந்த மூன்று நாளும் அவசரப்படாமல் உட்கார்ந்திருந்ததுதான் என்பேன்.

அப்புறம் உடன்படிக்கையை எழுதினார்கள். 300க்கும் மேற்பட்ட தலைவர்களும் மூப்பர்களும் சபைத் தலைவர்களும் அதில் கைநாட்டும் கையெழுத்தும் இட்டார்கள். மேய்ச்சலுக்கும் மீன்பிடிப்புக்கும் எல்லைகள் திறந்திருக்கும். யாரும் எங்கும் போய்வரலாம். முன் நடந்த குற்றங்களுக்குப் பொது மன்னிப்பு. பிடித்துச் செல்லப்பட்ட பெண்களையும் பிள்ளைகளையும் திருப்பி அனுப்பவேண்டும். அந்தப் பெண்களில் குடும்பமாகிவிட்டவர்கள் இருந்தால் விவாக முறைமைகளைச் செய்து அதை ஒழுங்குபடுத்தவேண்டும்.

இதில் நான் நெடுநேரம் நின்று யோசித்த இடம் ஒன்று உண்டு. பொது மன்னிப்பு என்றால் பறிபோன மாடுகளும் அதில் அடங்கிப்போகின்றன அல்லவா? மாடுதான் உயிர் என்று வாழ்கிற ஜனம், மாட்டை விட்டுக்கொடுத்தது. எத்தனை ஆயிரம் மாடுகள் எத்தனை கை மாறினவோ! எண்ணித் திருப்ப ஆரம்பித்தால் எண்ணி முடிவதற்குள் அடுத்த சண்டை வந்துவிடும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் ஆட்களை விடவில்லை. என் மகள் எங்கே, என் பேரன் எங்கே என்று கேட்டு நின்றார்கள். மாடுகளை விட்டார்கள், மக்களைக் கேட்டார்கள். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவர்கள் பகுத்துப் பார்த்த விதத்தில் பெரிய ஞானம் இருக்கிறது. ஆனாலும் இருந்த நாலு மாட்டையும் இழந்த விதவை ஒருத்தி அந்தக் கொட்டகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால், அந்தப் பொது மன்னிப்பு அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? தலைவர்கள் மன்னிப்பது ஒன்று, அவள் மன்னிப்பது ஒன்று. சகேயு கூட வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்புகிறேன் என்றுதானே எழுந்து நின்றான். இந்தக் கணக்கு வுன்லிட்டில் முழுவதும் தீரவில்லை என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் கனி உண்டாயிற்று, அதைச் சொல்லியே ஆகவேண்டும். அதே 1999ல் பெந்தியு பக்கத்து எண்ணெய் வயல்களைச் சுற்றிச் சண்டை மூண்டு, கிராமங்கள் எரிக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான நுவேர் குடும்பங்கள் ஓடின. எங்கே ஓடின? டிங்காக்களின் நாட்டுக்கு! முந்தின வருஷம் அங்கே கால் வைத்திருந்தால் கழுத்து போயிருக்கும். வுன்லிட் உடன்படிக்கை இருந்தபடியால் டிங்காக்கள் அவர்களைச் சேர்த்துக்கொண்டு இடம் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அன்று கிடைத்த கஞ்சி எந்தக் கணக்கில் எழுதப்படவேண்டும்? நிவாரணக் கணக்கிலா, சமாதானக் கூட்டக் கணக்கிலா? இதைக் கேட்டதும் அந்தத் தாயார் சிரித்துவிட்டார்கள்.

அதே 1999ல் வாட், 2000ல் லிலியிர் என்று நைலின் கிழக்குக் கரையிலும் சபைகள் இப்படிப்பட்ட கூட்டங்களை நடத்தின. அவை வுன்லிட் அளவுக்கு வேர்பிடிக்கவில்லை. 2002ல் தளபதிகளும் ஒன்றுசேர்ந்தார்கள். 2005 ஜனவரியில் வடக்கோடு சமாதான ஒப்பந்தம். 2011 ஜூலை 9ஆம் தேதி தென் சூடான் தனி நாடாயிற்று. பேராயர் தாபான் 2004ல் பேராயர் பதவியிலிருந்து ஓய்வுபெற்று, ஊரில் சும்மா இருக்காமல், மாட்டுத் திருட்டுச் சண்டை மிகுந்த குரோன் என்ற இடத்தில் 2005ல் ஒரு சமாதானக் கிராமத்தை ஏற்படுத்தினார். பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், விவசாயம் எல்லாம் அதிலே சேர்த்தி. பல இனத்தாரையும் பக்கத்தில் பக்கத்தில் வாழப் பழக்குவதுதான் அவர் நோக்கம். 2023 நவம்பரில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் உங்களிடம் காணிக்கை கேட்கவேண்டியதில்லை. 2013 டிசம்பர் 15ஆம் தேதி ஜூபா தலைநகரில் மறுபடியும் வெடித்தது. டிங்கா இனத்தைச் சேர்ந்த ஜனாதிபதி சால்வா கீர் ஒருபுறம். அதே ரியெக் மாச்சார் மறுபுறம். சில நாட்களுக்குள் ஜூபாவில் நுவேர் மக்களும், பிற ஊர்களில் டிங்கா மக்களும், இனத்தின் பெயரால் கொல்லப்பட்டார்கள். நம் தேசத்தாருக்கும் அதில் ரத்தப் பங்கு உண்டு. டிசம்பர் 19ஆம் தேதி அக்கோபோ என்ற ஊரில், ஐக்கிய நாடுகள் முகாமில் அடைக்கலம் புகுந்திருந்த டிங்காப் பொதுமக்களைக் கொல்ல வந்த கூட்டத்தின் கையில் இரண்டு இந்தியப் படைவீரர்கள் உயிரிழந்தார்கள். இத்தனைக்கும் அந்த அக்கோபோவிலேதான் 1994ல் நுவேர்களின் உட்பிரிவுகளைச் சமாதானப்படுத்த சபையார் கூட்டம் நடத்தியிருந்தார்கள்.

மலக்கால் நகரத்து ஆஸ்பத்திரியில் 2014 பிப்ரவரியில் நோயாளிகள் படுக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆஸ்பத்திரியிலே வேலை செய்கிற நமக்கு இதைக் கேட்கவே உடம்பு கூசுகிறது. லேர் என்ற ஊரை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, 1999ல் டிங்காத் தலைவர்கள் இறங்கிப் போன அந்த ஊர். அங்கே எல்லை கடந்த மருத்துவர்கள் அமைப்பு சுமார் 25 வருஷமாக ஒரு ஆஸ்பத்திரி நடத்திவந்தது. 2014 தொடக்கத்தில் அது கொள்ளையிடப்பட்டுத் தீக்கிரையானது. அந்த ஊரைச் சேர்ந்த ஊழியர்களே நோயாளிகளை அழைத்துக்கொண்டு புதர்க்காட்டுக்குள் ஓடினார்கள். ஆஸ்பத்திரி கட்ட எத்தனை வருஷக் காணிக்கை! அதை எரிக்க ஒரு நாள் போதும். மருந்துக்குக் கொடுப்பதா, சமாதானத்துக்குக் கொடுப்பதா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பது அங்கே செல்லாது, பிரியமானவர்களே.

அப்படியானால் வுன்லிட் வீணாய்ப் போயிற்றா என்று ஒருவர் கேட்கலாம். மூப்பர்கள் செய்த சமாதானத்தை மூப்பர்கள் உடைக்கவில்லை. நாட்டின் எண்ணெய்ப் பணத்துக்கும் பதவிக்கும் சண்டையிட்ட பெரியவர்கள் உடைத்தார்கள். படையையும் சம்பளத்தையும் இனத்தைக் கொண்டு கட்டியிருந்தபடியால் அது கிராமம் வரைக்கும் இறங்கிற்று. புதர்க்காட்டில் கூடிப் பேசுவதற்கு அந்த இடம்வரைதான் எட்டும். தலைநகரத்திலே அரசனிடத்தில் பேச எலியாக்கள் வேறாக வேண்டும். சபை அதிலே பின்தங்கிற்று என்பது என் அபிப்பிராயம். 2005க்குப் பிறகு சமாதானம் வந்துவிட்டது என்று சபைத் தலைவர்களில் அநேகர் தங்கள் தங்கள் பேராயத்தைக் கட்டப் போய்விட்டார்கள். கிராமக் கூட்டங்களும் குறைந்துபோயின.

2016 ஜூலையில் சண்டை தெற்கே பரவியபோது ஜனங்கள் உகாண்டாவுக்குள் பெருகி வந்தார்கள். அந்த ஆகஸ்டில் திறந்த பிடிபிடி முகாமுக்குச் சில மாதங்களுக்குள் இரண்டரை லட்சம் பேருக்குமேல் வந்துவிட்டார்கள். 2017 ஆகஸ்டில் உகாண்டாவிலிருந்த தென் சூடான் அகதிகள் பத்து லட்சத்தை எட்டினார்கள். காஜோ கேஜி பேராயத்தைச் சேர்ந்த சபையார் ஏறக்குறைய எல்லாருமே ஓடியபடியால், பேராயரும் குருமாரும் சேர்ந்து எல்லையைத் தாண்டி உகாண்டா மண்ணிலிருந்து ஊழியம் செய்தார்கள். மந்தை எங்கேயோ மேய்ப்பனும் அங்கே!

உகாண்டா அரசாங்கம் அகதிகளைக் கம்பி வேலிக்குள் அடைக்கிறதில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு நிலம் கொடுத்து வீடு கட்டிக்கொள்ளச் சொல்லுகிறது. 2014 முதல் சண்டையைத் தவிர்க்க டிங்காக்களைப் பெரும்பாலும் அஜுமானிப் பக்கமும், நுவேர்களை ரைனோ கேம்ப், கிரியாண்டோங்கோ பக்கமும் வைத்தார்கள். கலந்து வைத்த இடத்தில் என்ன ஆயிற்று? 2018 ஜூனில், ரைனோ கேம்பில், உலகக் கோப்பைக் கால்பந்து ஆட்டத்தை டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்த வாலிபர்களுக்குள் வந்த வாக்குவாதம் டிங்கா நுவேர் சண்டையாகி உயிர்ப்பலி வரை போயிற்று. எங்கேயோ ரஷ்யாவிலே நடக்கிற பந்தாட்டம்!

பிரித்து வைப்பது தோல்வி என்று சில நண்பர்கள் சொல்லுகிறார்கள். ஒரே ஆராதனை, ஒரே பாடகர் குழு, ஒரே தெரு என்று உடனே செய்தால்தான் கிறிஸ்தவ சமாதானம் என்பார்கள். எனக்கு அந்த அவசரம் சம்மதமில்லை. ஆதியாகமம் 32, 33 அதிகாரங்களை வீட்டுக்குப் போய்ப் படியுங்கள். யாக்கோபு ஏசாவுக்கு முன்னே என்ன அனுப்புகிறான்? ஆடுகள் மாத்திரம் 440. பால் கொடுக்கும் ஒட்டகங்கள், பசுக்கள் 40, காளைகள் 10, கழுதைகள். எந்த டிங்காவும் நுவேரும் இந்த அதிகாரத்துக்கு வியாக்கியானம் கேட்கமாட்டான். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வான். அண்ணனும் தம்பியும் கட்டித் தழுவி அழுகிறார்கள். அதற்குப் பின்? சேர்ந்து போகலாம் வா என்கிறான் ஏசா. யாக்கோபு, பிள்ளைகள் சிறியவர்கள், மெல்ல வருகிறேன் என்று சொல்லித் தங்கிவிடுகிறான். ஏசா சேயீருக்குப் போனான். யாக்கோபு சுக்கோத்துக்குப் போனான். ஒரே கூடாரத்தில் குடியிருக்கவில்லை. ஆனால் தகப்பன் ஈசாக்கு மரித்தபோது இரண்டு பேரும் வந்து சேர்ந்து அடக்கம்பண்ணினார்கள்.

ஆகையால் முகாமிலே டிங்கா மொழியில் ஒரு ஆராதனையும் நுவேர் மொழியில் ஒரு ஆராதனையும் நடந்தால் நான் கலங்கமாட்டேன். தாய்மொழியில் அழுகிறவனை அழவிடவேண்டும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த பக்கத்துப் போதகர் கல்லறைவரை வருகிறாரா, திருவிருந்துப் பந்தியில் கை நீட்டுகிறவனுடைய நெற்றித் தழும்பைப் பார்க்காமல் அப்பம் கொடுக்கிறார்களா என்பதைத்தான் கேட்பேன். நுவேர் ஆண்களுக்கு நெற்றியில் ஆறு கோடுகள் கீறுகிற வழக்கம் இருந்தது; டிங்காக்களில் பல பிரிவாருக்கு வேறு மாதிரிக் கோடுகள். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற சபைகள் உள்ள நாட்டிலிருந்து நாம் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதையும் மறக்கவேண்டாம்.

மேலே சொன்ன மிஷன் எல்லைகளைப்பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2019 ஏப்ரலில் வத்திக்கானுக்கு வந்திருந்த தென் சூடான் தலைவர்களின் காலடியில், 82 வயதான போப் பிரான்சிஸ் மண்டியிட்டு அவர்கள் பாதரட்சைகளை முத்தமிட்டார். 2023 பிப்ரவரி 3 முதல் 5 வரை அவரும், கேன்டர்பரி பேராயராக இருந்த ஜஸ்டின் வெல்பியும், ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் சபையின் மாடரேட்டராக இருந்த இயன் கிரீன்ஷீல்ட்ஸும் ஒன்றாக ஜூபாவுக்குப் போனார்கள். இடம்பெயர்ந்து வாழ்கிறவர்களைச் சந்தித்தார்கள், சேர்ந்து ஜெபித்தார்கள். கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன் – நூறு வருஷத்துக்குமுன் அந்த ஜனத்தை எல்லைபோட்டுப் பங்கிட்டுக்கொண்ட அதே மூன்று சபைகள். மூவரும் ஒரே மேடையில் நின்றதைப் பார்த்தபோது, இது முந்தியே நடந்திருக்கக்கூடாதா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. போப் பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21ஆம் தேதி காலமானார். அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னேதான், மார்ச்சில், மாச்சார் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டிருந்தார். பிரஸ்பிட்டேரியன் மிஷனார் நுவேர் நடுவே சென்ற நாசிர் பக்கத்தில் யுத்தம் மறுபடியும் மூண்டது. மே 3ஆம் தேதி பழைய பங்காக் என்ற ஊரில் இன்னொரு ஆஸ்பத்திரியின்மேல் குண்டு விழுந்தது.

இப்பொழுது எழுந்து நின்று, மூன்று காரியங்களுக்காக ஜெபிப்போம். முதலாவது, உகாண்டாவிலும் கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் முகாம்களில் பிறந்து வளர்ந்து, சொந்த ஊரைப் பாராமலே அதன் பகையை மாத்திரம் சுதந்தரித்திருக்கிற வாலிபருக்காக. இரண்டாவது, அவர்கள் நடுவே மரத்தடியில் ஆராதனை நடத்துகிற, தாங்களும் அகதிகளான போதகர்களுக்காக. மூன்றாவது, வுன்லிட்டில் கைநாட்டிட்ட மூப்பர்களில் இன்னும் உயிரோடிருக்கிறவர்களுக்காக; அவர்களுக்கு இப்போது வயது அதிகம் ஆகியிருக்கும். சகோதரி அவர்கள் முதல் ஜெபத்தை ஏறெடுப்பார்கள்.